மூட்டை விற்றதும் கெட்டுப்போன அம்பிளிபயர்: வட்டக்கச்சி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பங்குனிக் கடைசியில் வட்டக்கச்சியிலிருந்து ஒரு கமக்காரர் கிளிநொச்சியில் இருக்கும் என் திருத்தும் கடைக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ரொறன்ரோவில் இருக்கும் மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட எண்கள் அதில் இருந்தன: 100 வாட், இரண்டு சனல், திரிபு 0.03 வீதம், 10 முதல் 100,000 ஹேர்ட்ஸ் வரை.

“தம்பி, பிள்ளை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருகிறாளாம். எங்கள் வீட்டுக்கு இது காணுமா, இதைவிடப் பெரிதாகச் சொல்லட்டுமா?”

வன்னியில் இந்தத் தொழிலைச் செய்கிற எவரும் இந்தக் கேள்வியை மாதம் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வெளிநாட்டில் ஒரு பிள்ளை, ஊரில் பாட்டுக் கேட்க ஆசைப்படும் தாய் தகப்பன், நடுவில் ஒரு கடதாசியில் சில எண்கள். அந்தப் பிள்ளை உழைத்த காசு வீணாகப் போகக்கூடாது என்பதற்காகவே இந்த வீட்டில் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

முறைப்பாடு

ஐயாவிடம் முன்பு ஒரு பழைய ஜப்பானிய அம்பிளிபயர் இருந்தது. சனலுக்கு 25 வாட். அதைப் பேத்தியின் சாமத்திய வீட்டன்று இழந்தார். ஹோலில் இருந்த சோடியோடு, விறாந்தைக்கு ஒரு சோடி, பந்தலுக்கு ஒரு சோடி என்று இரவல் ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஒரே முனையில் இணைத்துவிட்டார்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு; அது குறையக் குறைய அம்பிளிபயர் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் கூடும். சனலுக்கு மூன்று 8 ஓம் ஸ்பீக்கர்கள் சமாந்தரமாகச் சேர்ந்தால் அம்பிளிபயருக்குத் தெரிவது 2.7 ஓம். பின்தகட்டில் ‘குறைந்தது 8 ஓம்’ என்று எழுதியிருந்தது. வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள் மாலைக்குள் எரிந்தன. அந்தப் பெட்டி உதிரிப்பாகம் வரும்வரை என் கடையிலேயே கிடந்தது.

மாசித் தொடக்கத்தில் காலபோக நெல் வீட்டுக்கு வந்தபின், நகரத்துக் கடையொன்றில் புதிய அம்பிளிபயர் வாங்கினார். முகப்பில் ஓடும் வெளிச்சம், மைக் துளை, எக்கோ, புளூடூத், பெரிய எழுத்தில் ‘3000 வாட் பிஎம்பிஓ’. பழைய ஸ்பீக்கர்களையே அதில் பூட்டினார். வந்த புதிதில் பாட்டு நன்றாக இருந்தது. பங்குனி நடுப்பகுதியிலிருந்து சொல் விளங்கவில்லை, நாதஸ்வரம் காதைக் குத்துகிறது, சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். இரவு ஏழு மணிக்கு மேல் மின்சாரம் இறங்குவதுதான் பெட்டியைக் கெடுத்துவிட்டது என்பது அவருடைய முடிவு.

பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். என் மேசையில் வைத்து, என் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. மறுநாள் வட்டக்கச்சிக்குப் போனேன். இது என் பழக்கம்: பெட்டியில் நோய் இல்லாதபோது வீட்டைப் பார்க்காமல் எதையும் வாங்கச் சொல்வதில்லை.

3000 என்ற எண்

முதலில் அந்த எண்ணைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஆட்களை ஏமாற்றுவது அதுதான். கணநேர உச்ச வலு என்று போடும் பிஎம்பிஓ என்பதற்கு எந்தத் தரநிலையும் கிடையாது. உற்பத்தியாளர் விரும்பியதை எழுதலாம். உண்மையான வாட் என்றால் எத்தனை ஓமில், எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன் (மூல ஒலியிலிருந்து எவ்வளவு பிறழ்கிறது என்பது), இரண்டு சனலும் ஒன்றாக ஓடும்போது தொடர்ச்சியாக எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இலேயே இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, குறித்த ஒரு திரிபு எல்லைக்குள் அளக்க வேண்டும் என்று இறுக்கியது. அந்த விதி நம் ஊர்க் கடைத்தட்டை எட்டுவதில்லை.

ஆனால் பெட்டியைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். மின்வழங்கலின் பெரிய மின்தேக்கிகளில் மீற்றரை வைத்தேன்: கூட்டல் 24, கழித்தல் 24 வோல்ட். பாரம் ஏறும்போது அது 21க்கு இறங்கியது. ட்ரான்சிஸ்டர்களில் இரண்டு வோல்ட் போய்விடும் என்று வைத்தால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்சம் 19 வோல்ட். உச்ச வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் பிரித்தால் வாட் வரும். 361ஐ 16ஆல் பிரித்தால் 22.5. முகப்பில் 3000, உள்ளே சனலுக்கு 22.5.

வாட்டோடு திரிபைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் நேர்மையான எண்ணும் தவறாக விளங்கும். சின்னப் பலகை அம்பிளிபயர்களில் பரவலாக இருக்கும் டிபிஏ3116 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வாட் என்று அதன் தரவுத்தாள் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 வீதத் திரிபோடு. அதையே 8 ஓம் ஸ்பீக்கரில், கரகரப்பில்லாமல் எதிர்பார்த்து வாங்குபவருக்குக் கிடைப்பது பாதிகூட இல்லை.

ஐயாவுக்கு 22.5 என்றதும் முகம் கறுத்துவிட்டது. “அப்போது என்னை ஏமாற்றிவிட்டார்கள்” என்றார். ஏமாற்றியது உண்மை. ஆனால் அவர் கேட்கும் கரகரப்புக்கு அந்த ஏமாற்று காரணமா என்பது வேறு கேள்வி. அதை அங்கேயே அளந்து காட்ட விரும்பினேன்.

அவர் வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைக்கச் சொல்லி, ஸ்பீக்கர் முனையில் மீற்றரைப் பிடித்தேன். முள் ஆடி ஆடி ஒரு வோல்ட்டைச் சுற்றியே நின்றது. ஒரு வோல்ட், 8 ஓம்: எட்டில் ஒரு வாட். ஸ்பீக்கரின் பின்தகட்டுக் கணக்கும் இதையே சொன்னது. அதன் உணர்திறன் 87 டெசிபெல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் அவ்வளவு சத்தம். அவருடைய சாய்மனைக் கதிரை மூன்று மீற்றர் தள்ளி இருக்கிறது. தூரத்தால் பத்து டெசிபெல் குறையும். இரண்டாவது ஸ்பீக்கரும் சுவர்களும் ஆறளவு திருப்பிக் கொடுக்கும். ஆக, ஒரு வாட்டில் அவர் காதுக்கு 83 அளவு போகிறது. வீட்டில் ஆறுதலாகப் பாட்டுக் கேட்கும் சத்தம் 70க்கும் 75க்கும் இடையில். மேளம் திடீரென அதிரும் கணத்துக்கு அதற்கு மேல் 20 டெசிபெல் விட்டுவைத்தாலும் 16 வாட் போதும். கையில் இருப்பது 22.

“தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோமே, அது எத்தனை வாட்?” என்று அவரே கேட்டார். பற்றரி இங்கே வரத் தடையாக இருந்த காலம். சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட். அதிலும் ரேடியோ எடுத்தது சிறு பங்கு. ஒருவர் மிதிக்க, செய்தி நேரத்துக்கு அயல் வளவுகளிலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். அவர் அதைச் சொன்னபின் வாட் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உணர்திறன் என்ற அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய் வயல்வெளி தாண்டிக் கேட்பது பெரிய அம்பிளிபயரால் அல்ல. அந்த வகைக் குழாய்களின் உணர்திறன் 105, 110 டெசிபெல் என்று இருக்கும். வீட்டு ஸ்பீக்கரைவிட 20 டெசிபெல் கூட என்றால், குழாய்க்கு ஒரு வாட் செய்வதை வீட்டு ஸ்பீக்கரில் செய்ய 100 வாட் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரு மடங்காகத் தெரியப் பத்து மடங்கு வாட் தேவை. ஸ்பீக்கரின் பின்தகட்டைப் படிக்காமல் அம்பிளிபயரின் முகப்பைப் படிப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டி

பழைய ஜப்பானியப் பெட்டியைத் திருத்தி எடுத்துப் போயிருந்தேன். ஹோலின் குறுக்கே ஒரு சீலையைக் கட்டி, அதன் பின்னால் இரண்டையும் வைத்து, இருவழி ஆளி ஒன்றால் ஒரே ஸ்பீக்கர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஆளியைப் பேரன் பிடித்தான். எந்தப் பெட்டி ஓடுகிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் காசு சுண்டி முடிவெடுத்துக் கொப்பியில் குறித்துக்கொண்டான்.

இதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. இரண்டு பெட்டியின் சத்தமும் சரியாக ஒரே அளவில் இருக்க வேண்டும். அரை டெசிபெல் கூடியிருந்தால் காது அதைச் ‘சத்தம் கூட’ என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது’ என்று சொல்லும். கடைகளில் விலைகூடிய பெட்டி நன்றாகக் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கைத்தொலைபேசியிலிருந்து 200 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையின் வோல்ட் ஒரு வீதத்துக்குள் ஒத்துவரும்வரை திருகினேன். மலிவு மீற்றர்கள் உயர்ந்த அலைவரிசையில் பிழையாகக் காட்டும், 200இல் நம்பலாம்.

பத்துத் தடவை. ஐயா ஆறு தடவை சரியாகச் சொன்னார். அவருக்குப் பெருமை. ஆனால் வெறுமனே காசு சுண்டிச் சொன்னாலும் பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 38 வீதம். ஒன்பது வந்திருந்தால் நான் கணக்கை மாற்றியிருப்பேன். அதற்கு வாய்ப்பு ஒரு வீதந்தான். அம்மா நாலு சரியாகச் சொன்னார். நான் எனக்குச் செய்து பார்த்தேன்: ஐந்து.

சத்தத்தைச் சாமத்திய வீட்டு அளவுக்குக் கூட்டியபோது நிலைமை மாறியது. புதிய பெட்டியில் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு மேளம் பிளந்தது. பழையது இன்னும் சற்று மேலே போய்த்தான் அப்படியானது. ஆகவே வாட் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லைக்குள் இருக்கும்வரை அது தெரியாது, எல்லையைத் தொட்டதும் அது மட்டுமே தெரியும். ஐயா அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை.

இரவு மின்சாரத்தையும் அளந்தேன். ஏழரை மணிக்கு 188 வோல்ட். 230இல் 22.5 வாட் தரும் பெட்டி இப்போது 15 தரும். சத்தத்தில் அது 2 டெசிபெலுக்கும் குறைவான இழப்பு. உறுமல் சத்தம் ஒன்றும் இருந்தது. தொலைக்காட்சியிலிருந்து வரும் வயரைக் கழற்றியதும் நின்றுவிட்டது. அது வேறு வியாதி, அதையும் அன்றே சரிசெய்தேன்.

நெல்

இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி. இரண்டுமே மோசம். சொல் விளங்கவில்லை என்ற முறைப்பாடு பழைய பெட்டிக்கும் பொருந்தியது. திரைக்கு இந்தப் பக்கத்தில் அதற்கான காரணம் இருக்க வேண்டும்.

அம்மாதான் சொன்னார்: “இந்த ஹோலில் இப்போது பேரனைக் கூப்பிட்டாலே என் குரல் இரண்டு தரம் கேட்கிறது. நெல் இருந்தபோது இப்படி இல்லை.”

நடுவில் நின்று கைதட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் ஓடி, அடங்கப் பிந்தியது. பிறகு விசாரித்து நாட்களைக் கோர்த்தேன். இது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பல வருடங்களாக இந்த ஹோலே படுக்கை அறையும். கட்டில், தும்பு மெத்தை, கொடியில் துணி, சுருட்டிய பாய்கள் எல்லாம் இங்கேதான். மகள் அனுப்பிய காசில் பின்னால் ஓர் அறை இறக்கியதும் எல்லாம் அங்கே போயின. அடுத்த கிழமையே சாமத்திய வீடு, அன்றே பழைய பெட்டி எரிந்தது. வெறும் ஹோலில் அந்தப் பெட்டி பாடியதை அவர் கேட்கவேயில்லை. புதிய பெட்டி வந்தபோது, விலை ஏறட்டும் என்று அறுபது மூட்டை நெல்லை இரண்டு சுவரோடு அடுக்கி வைத்திருந்தார். பங்குனி நடுப்பகுதியில் மூட்டைகளை விற்றார். பெட்டி ‘கெட்டதும்’ அந்தக் கிழமைதான்.

சாக்குக்குள் இருக்கும் நெல், உமியும் இடைவெளியுமாக நுண்துளைகள் நிறைந்த ஒரு சுவர். சத்தம் உள்ளே போனால் திரும்பி வருவதில்லை. சிமெந்துச் சுவரோ வந்ததில் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பும். 1895இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்துவந்து மண்டபத்தில் அடுக்கி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அவர் கண்டுபிடித்த விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் பிரிக்க வேண்டும். உறிஞ்சும் பரப்பைத் திறந்த யன்னல்களின் பரப்பாக எண்ணிக்கொள்ளலாம். வெளியே போன சத்தம் திரும்பாது அல்லவா.

ஐயாவின் ஹோல் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10. கிட்டத்தட்ட 48 கனமீற்றர். வெறுமையாக இருக்கையில் உறிஞ்சும் பரப்பை ஐந்து சதுரமீற்றர் என்று வைத்தேன்; ஒலி அடங்க ஒன்றரை விநாடி. மூட்டைகள் எட்டுச் சதுரமீற்றர் சேர்த்திருந்தால் 0.6 விநாடி. ஒன்றரை விநாடி என்றால் ஒரு சொல்லின் வால் அடுத்த மூன்று நாலு அசைகளின் மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் வாலும் சேர்ந்தே கூடுகிறது. ‘கூட்டினால் இன்னும் மோசம்’ என்று அவர் சொன்னது அளந்து சொன்னதுபோல் சரி.

அறையிலிருந்து மூன்று மெத்தைகளைப் பேரனும் நானும் தூக்கிவந்து சுவரோடு சாய்த்தோம். போர்வைகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். அதே பாட்டு, அதே 3000 வாட் பெட்டி. ஐயா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், “சொல் வருகிறது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கனடாப் பெட்டியின் பின்தகடு

அன்றிரவே மகளோடு காணொளியில் பேசினோம். அவர் தெரிவுசெய்தது நேர்மையான பெட்டி, எண்களும் உண்மையானவை. ஆனால் 22க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் உச்சத்தில் ஆறரை டெசிபெல். எட்டில் ஒரு வாட்டில் எதுவும் இல்லை. 0.03 வீதத் திரிபு என்பது, தாழ்ந்த ஒலியில் தானே ஒரு வீதம் திரிக்கக்கூடிய ஸ்பீக்கருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. 100,000 ஹேர்ட்ஸை எந்த மனிதக் காதும் கேட்காது. எழுபது வயதில் பலருக்கு 10,000க்கு மேலேயே எட்டுவதில்லை.

அந்தக் கடதாசியில் எழுதப்படாத வரி ஒன்றுதான் உண்மையில் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கும். பின்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் சுவரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே பூட்டினால் அன்றே புகை. இறக்கு மின்மாற்றி வைத்தாலும், 60க்கு மட்டும் சுற்றிய மின்மாற்றியில் 50 ஓடும்போது காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடிச் சூடேறும், உறுமும். இப்படி வந்து எரிந்த பெட்டிகளை அன்பளிப்புக் கடதாசி கழற்றாத நிலையிலேயே என் மேசையில் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் எவருடைய இரவு வேலையின் சம்பளமோ.

மகளுக்கு ஒன்றை மட்டும் சொன்னேன். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே, தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபுளோய்ட் டூல் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் திரை மறைவில் ஆட்களை உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்ததன் சாரம், வீட்டில் ஒலியைத் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அறையும் என்பதே. அந்தக் காசில் அப்பாவுக்குத் திரைச்சீலையும் தும்பு மெத்தையும் வாங்குங்கள், மிச்சம் இருந்தால் பிறகு ஸ்பீக்கரைப் பார்க்கலாம் என்றேன்.

செய்தவை

மேற்குச் சுவரில் இரண்டு தும்பு மெத்தைகளைச் சட்டம் அடித்து, பருத்தித் துணி போர்த்திப் பொருத்தினோம். யன்னல்களுக்குக் கனத்த திரை. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்து, காது உயரத்துக்குப் பலகையில் ஏற்றினோம். கதிரை மூன்று மீற்றரிலிருந்து இரண்டுக்கு வந்தது. அதனாலேயே நேரடி ஒலி மூன்றரை டெசிபெல் கூடியது. வாட்டை இரு மடங்குக்கு மேல் கூட்டியதற்குச் சமமான பயன், செலவில்லாமல் வந்தது.

ஒரு விடயத்தைப் பிந்தித்தான் அறிந்தேன். 2009இல் எறிகணை விழுந்ததிலிருந்து ஐயாவின் இடது காது மந்தம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புதிய பெட்டியில் எக்கோவுக்கு இரண்டு திருகு இருக்கிறது, இடம் வலம் சமப்படுத்த ஒன்றுமில்லை. பழைய ஜப்பானியப் பெட்டியில் அந்தத் திருகும் உண்டு, இரண்டு சனலையும் ஒன்றாக்கும் மோனோ ஆளியும் உண்டு. ஆகவே பழையதையே ஹோலில் வைத்து, மோனோவில் போட்டு, வலது காதுப் பக்கம் ஸ்பீக்கர் அமையும்படி கதிரையைத் திருப்பினோம். புதியது விறாந்தைக்குப் போனது.

மூலையை விட்டு வந்தபின்னும் மிருதங்கத்தின் இடந்தலை ஒரு சுருதியில் மட்டும் கொஞ்சம் வீங்கித்தான் கேட்கிறது. அது ஹோலின் நீளம் அகலத்தால் வருவது, போகாது. சிறுபோக நெல் வந்து அடுக்கியதும் மறுபடி அளந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். அடுத்த பேத்திக்கும் சாமத்திய வீடு வரும் என்பதால், இரண்டு பெட்டியின் பின்னாலும் வெள்ளை வர்ணத்தில் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்: ‘8 ஓம். இரண்டு ஸ்பீக்கர் மட்டும்.’